விஸ்கி வரியில் நடந்த மாலை வகுப்புகள்

1889-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொழில்நுட்பக் கல்விக்கென்று ஒரு சட்டம் போட்டது. கவுண்டி மன்றங்களும் நகர மன்றங்களும் பவுனுக்கு ஒரு பென்னி வரை வரி விதித்து, அந்தப் பணத்தைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாம் என்று அது அனுமதித்தது. கூடவே ஒரு கட்டுப்பாட்டையும் வைத்தது. தொழிலுக்கு அடிப்படையான அறிவியலைச் சொல்லித்தரலாம், கருவிகளைக் கையாளப் பழக்கலாம். ஆனால் எந்தத் தொழிலையும் அதன் செய்முறையோடு கற்றுத்தரக் கூடாது. ஈயத்தின் உருகுநிலையை விளக்கலாம், குழாய் வேலைக்காரனை உருவாக்கக் கூடாது.

அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரும்புத் துண்டை வைஸில் இறுக்கிக் கட்டி, பையன்களுக்கு அரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தே என் காலம் போனது. தோளை அசைக்காதே, முழங்கையிலிருந்து தள்ளு, அரத்தின் முழு நீளத்தையும் பயன்படுத்து என்று ஒரே வார்த்தைகளை வருஷத்துக்கு வருஷம் சொன்னவனுக்கு, செய்முறையைத் தடுக்கும் சட்டம் விபரீதமாகவே படும். ஆனால் அதற்குள் இருந்த பயங்கள் எனக்கு நன்றாகத் தெரிந்தவைதான்.

ஒன்று முதலாளியின் பயம். தன் பட்டறையின் நுணுக்கம் வகுப்பறை வழியாக வெளியே போய்விடும். தான் கட்டும் வரியிலேயே போட்டிக்காரனுக்கு ஆள் தயாராகும். இன்னொன்று தொழிலாளியின் பயம். ஏழு வருஷம் அப்ரண்டிஸாக இருந்து தான் கற்ற வேலையை, சில மாதம் வகுப்புக்குப் போனவன் பாதிக் கூலிக்குச் செய்ய வந்து நிற்பான். முதல் பயத்தை எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டை முதலாளி ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்: "நீங்க அனுப்புற பையனுக்கு மிஷினைப் பழக்கி விடுறேன் சார். ஆறு மாசத்துல அடுத்த கம்பெனிக்குப் போயிடுறான். நான் எதுக்குச் செலவு பண்ணணும்?" இரண்டாவது பயத்தை லேத் பட்டறைகளில் டீ குடிக்கும் நேரத்தில் கேட்டிருக்கிறேன்.

இந்த இரண்டு பயங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, பெரிய நகரம் ஒன்றுக்குத் தொழிற்பயிற்சி நடத்திக் காட்டியது லண்டன் கவுண்டி மன்றம். அந்தக் கதை நம் உள்ளாட்சி உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. அவர்கள் ஜெயித்த இடமும் இருக்கிறது, தவறவிட்ட ஆட்களும் இருக்கிறார்கள்.

லண்டன் கவுண்டி மன்றமும் 1889-இல்தான் பிறந்தது. அந்த ஜனவரியில் முதல் தேர்தல். முற்போக்கினர், மிதவாதிகள் என்று இரண்டு அணிகள். ரோஸ்பரி பிரபு தலைவர். பாட்டர்ஸியிலிருந்து வந்த ஜான் பர்ன்ஸ் என்ற இன்ஜினியரிங் தொழிலாளியும் உறுப்பினர். அதே வருஷம் ஆகஸ்டில் லண்டன் துறைமுகக் கூலிகள் மணிக்கு ஆறு பென்னி கேட்டு வேலையை நிறுத்தி, அதை வாங்கியும் காட்டினார்கள். பர்ன்ஸ் அந்தப் போராட்டத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவர். புதிய மன்றத்தின் வாசலிலேயே கூலிப் பிரச்சினை நின்றுகொண்டிருந்தது.

மறு வருஷம் பணம் வந்தது, யாரும் எதிர்பாராத வழியில். நிதியமைச்சர் கோஷன் பீருக்கும் சாராய வகைகளுக்கும் வரியை ஏற்றினார். உரிமம் இழக்கும் மதுக்கடைக்காரர்களுக்கு அதிலிருந்து நஷ்டஈடு கொடுப்பது அவர் எண்ணம். மதுவிலக்குக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், அந்தப் பகுதியைக் கைவிட வேண்டியதாயிற்று. வசூலான பணத்தை என்ன செய்வது? தொழில்நுட்பக் கல்விக்குக் கொடுக்கலாம் என்று ஆர்தர் ஆக்லண்ட் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் யோசனை சொன்னார். கவுண்டி மன்றங்கள் இதைக் கல்விக்கும் செலவிடலாம், வேண்டுமானால் வரியைக் குறைக்கவும் பயன்படுத்தலாம் என்று சட்டம் முடிந்தது. ஊரெல்லாம் அதற்கு விஸ்கிப் பணம் என்றே பெயர்.

பல கவுண்டிகள் உடனே கல்விக்கு ஒதுக்கின. லண்டன் ஒதுக்கவில்லை. நாட்டிலேயே பெரிய நகரம், வீட்டு வரியைக் குறைக்கவே அந்தப் பணத்தைக் கரைத்தது. இதற்கும் காரணம் சொன்னார்கள். லண்டனின் பழைய வணிகக் குழுமங்கள், அதாவது பொற்கொல்லர், தையற்காரர், துணி வணிகர் என்று நூற்றாண்டுகளாகச் சொத்துச் சேர்த்து வைத்திருந்த அமைப்புகள், முதலில் தங்கள் பணத்தை எடுக்கட்டும் என்பது ஒரு வாதம். நாடாளுமன்றம் இன்று கொடுத்ததை நாளை திருப்பி எடுத்துக்கொள்ளும், அதை நம்பிக் கட்டடம் கட்டமுடியாது என்பது இன்னொன்று. ரீஜன்ட் தெருவில் 1882 முதலே இளைஞர்களுக்குப் பாலிடெக்னிக் நடத்திவந்த குவின்டின் ஹாக் அந்த மன்றத்திலேயே இருந்தார். அவர் கட்டிக் காட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகும் மன்றம் மூன்று வருஷம் தயங்கியது. அந்த மூன்று வருஷங்களில் லண்டன் வீட்டுக்காரர்கள் சில காசுகள் மிச்சம் பிடித்தார்கள். ஒரு தலைமுறைப் பையன்கள் வண்டி தள்ளப் போனார்கள்.

1892 மார்ச் தேர்தலில் முற்போக்கினர் பெரும்பான்மையோடு திரும்பினார்கள். டெப்ட்ஃபர்டு தொகுதியில் ஜெயித்து வந்தவர் சிட்னி வெப். காலனி அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். மாலை வகுப்புகளில் படித்தே மேலே வந்தவர். பகல் முழுக்க மேசையில் உட்கார்ந்துவிட்டு ராத்திரியில் பாடம் கேட்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மன்றம் ஒரு சிறப்புக் குழு அமைத்தது. லண்டனின் தொழிற்கல்வி நிலையை ஆராய்ந்து அறிக்கை எழுத ஹ்யூபர்ட் லூவெலின் ஸ்மித் அமர்த்தப்பட்டார். துறைமுகப் போராட்டத்தைப் பற்றி வான் நாஷோடு சேர்ந்து புத்தகம் எழுதியவர் இவர். சார்ல்ஸ் பூத்தின் லண்டன் ஏழ்மை ஆய்விலும் வேலை பார்த்தவர். லண்டன் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதை அவர் அறிக்கை மறைக்காமல் சொன்னது.

அறிக்கையின் பலன்தான் 1893-இல் பிறந்த தொழில்நுட்பக் கல்வி வாரியம். அதன் அமைப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். மொத்தம் 35 பேர். அதில் 20 பேர் மன்ற உறுப்பினர்கள், 15 பேர் வெளியாட்கள். அந்த வெளியாட்களில் லண்டன் பள்ளி வாரியத்தார் உண்டு, சிட்டி அண்ட் கில்ட்ஸ் நிறுவனத்தார் உண்டு, ஆசிரியர்கள் உண்டு. லண்டன் தொழிற்சங்கப் பேரவையின் ஆட்களும் உண்டு. கையில் காய்ப்புப் பிடித்த தொழில்களின் பிரதிநிதிகள், பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஓட்டுப் போடும் இடத்தில் உட்கார்ந்தார்கள். வெப் தலைவர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லிடம் ஆய்வக உதவியாளராக இருந்த வில்லியம் கார்னெட் செயலாளர்.

தொழிற்சங்கக்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வாரியத்தின் தொழில் வகுப்புகளில் அந்தந்தத் தொழிலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்ற விதி வந்தது. குழாய் வேலை வகுப்புக்குக் குழாய் வேலைக்காரனும் அவன் அப்ரண்டிஸும். கொத்து வேலை வகுப்புக்குக் கொத்தனார். வாரியம் புதிய ஆட்களை உற்பத்தி செய்து கூலியைக் கீழே இழுக்காது என்பதற்கான உத்தரவாதம் அது. சட்டத்தின் செய்முறைத் தடையையும் இந்த விதி ஏறக்குறையத் தாண்டிவந்தது. தொழிலைத் தொடக்கத்திலிருந்து கற்றுத்தரவில்லை, தெரிந்தவனுடைய கையைத் தேற்றுகிறோம் என்று சொல்லமுடிந்தது. சட்டத்தின் பொருளை அகலப்படுத்துவதில் வெப் சமர்த்தர். விஸ்கிப் பணத்துக்கு வழி சொன்ன அதே ஆக்லண்ட் இப்போது கல்வித்துறைப் பொறுப்பில் இருந்தார். எந்தெந்தப் பாடங்கள் தொழில்நுட்பக் கல்விக்குள் வரும் என்ற பட்டியல் நீண்டுகொண்டே போனது.

அப்படி நீண்டதில் ஒன்று வணிகக் கல்வி. 1895-இல் தொடங்கிய லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கும் வாரியத்திலிருந்து மானியம் போனது. பொருளாதாரம் ஒரு தொழிலா, தச்சனுக்கும் கொல்லனுக்கும் என்று ஒதுக்கிய பணத்தை அங்கே கொண்டுபோவதா என்று இன்றைக்கும் கேட்கலாம். நான் தச்சன் பக்கம்தான் பேசுவேன். ஆனாலும் அம்பேத்கர் உட்கார்ந்து படித்த பள்ளி அது என்பதை நினைக்கும்போது, அந்தப் பணம் வீணாகப் போனதாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

வாரியத்தின் சிறந்த வேலை 1896-இல் ரீஜன்ட் தெருவில் திறந்த கலை, கைத்தொழில் மத்தியப் பள்ளி. பொறுப்பேற்றவர்களில் ஒருவர் டபிள்யூ. ஆர். லெதபி, மரச் செதுக்கு வேலையும் பொன் பூச்சும் செய்தவரின் மகன், கட்டடக் கலைஞர். பொழுதுபோக்குக்காக வரும் வசதிக்காரர்களுக்கு அங்கே இடமில்லை, தொழிலில் இருப்பவர்களுக்கே இடம் என்பதில் பள்ளி உறுதியாக இருந்தது. கற்றுக்கொடுக்க வந்தவர்களும் பகலில் தங்கள் பட்டறையில் அதே வேலையைச் செய்தவர்கள்தான். புத்தகக் கட்டு வேலைக்கு டக்ளஸ் காக்கரெல், வண்ணக் கண்ணாடிக்குக் கிறிஸ்டோபர் வால். 1899-இல் எட்வர்டு ஜான்ஸ்டன் என்ற இளைஞரை எழுத்து எழுதும் கலைக்கு லெதபி அமர்த்தினார். அந்த வகுப்பில் வந்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் எரிக் கில். பின்னாளில் லண்டன் சுரங்க ரயிலின் பலகைகளுக்கு ஜான்ஸ்டன் எழுத்து வரைந்தார். கில் வரைந்த எழுத்துகள் உலகத்தின் அச்சகங்களுக்கெல்லாம் போயின. தொழில் தெரிந்தவரே தொழிலைக் கற்றுத்தர வேண்டும் என்ற எளிய விதியை ஒரு நகர மன்றம் பிடிவாதமாகக் கடைப்பிடித்ததன் விளைவு இது. மத்தியக் குழு என்றும் பாடத்திட்டம் என்றும் பக்கம் பக்கமாகச் சுற்றறிக்கை பார்த்த எனக்கு, லெதபியின் பெயரைச் சொல்லும்போதே ஒரு மரியாதை வருகிறது.

ஃப்ளீட் தெருப் பக்கம் போல்ட் கோர்ட்டில் இன்னொரு பள்ளி. படங்களை அச்சுக்குத் தகடாக்கும் வேலைக்கும் கல்லச்சுக்குமான கவுண்டி மன்றப் பள்ளி. 1911-இல் கல்கத்தாவிலிருந்து ஓர் இளைஞர் அங்கே படிக்க வந்தார். அவர் அப்பா உபேந்திரகிஷோர் ராய் ஹாஃப்டோன் தகடு செய்வதில் இந்தியாவின் முன்னோடி, சொந்த அச்சகம் நடத்தியவர். மகன் சுகுமார் ராய். லண்டனில் படித்த பிறகு மான்செஸ்டரிலும் படித்தார். அந்தப் பள்ளியும் அந்த நகராட்சி நடத்தியதுதான். 1913-இல் ஊர் திரும்பினார். வங்கக் குழந்தைகள் இன்றும் சிரித்துப் படிக்கும் 'ஆபோல் தாபோல்' அவர் எழுதியது. சத்யஜித் ராய் அவர் மகன். ஒரு நகர மன்றம் தன் ஊர் அச்சுத் தொழிலாளிக்காகத் திறந்த வகுப்பறை வங்காளத்துக் குழந்தைகளுக்கு எழுதியவருக்கும் பயன்பட்டது.

என் சொந்தப் பக்கத்துக்கும் அங்கே ஒரு நூல் ஓடுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் சென்னையில் கப்பலேறி லண்டனுக்குப் போனது. அதை வாங்கி மெருகேற்றிய பட்டறைகள் தேம்ஸின் தென்கரையில் பெர்மாண்ட்சியில் இருந்தன. அங்கிருந்த தோல் தொழிலாளிக்கு மாலை வகுப்பு கிடைத்தது. இங்கே தொட்டியில் இறங்கி நின்றவனுக்கு அந்த நாளில் எந்த வகுப்பும் இல்லை.

இனி அந்த வாரியம் தவறவிட்டவர்கள். தொழிலில் இருப்பவனுக்கு மட்டுமே வகுப்பு என்றால், தொழிலே இல்லாதவன் எங்கே போவான்? துறைமுக வாசலில் விடியற்காலையில் பெயர் கூப்பிடுவார்களா என்று நின்ற ஆளுக்கு அந்தத் தொழில் வகுப்புகள் திறக்கவில்லை. பள்ளியை விட்டு நின்றதும் வண்டிப் பையனாக, எடுபிடியாகச் சேர்ந்து, பதினெட்டு வயதில் பெரியவனுக்கான கூலியைக் கேட்டதும் வெளியே தள்ளப்பட்ட பையனுக்கும் திறக்கவில்லை. துறைமுகக் கூலிகளின் கதையை எழுதியவரே பயிற்சி அறிக்கையையும் எழுதினார். ஆனால் அந்தக் கூலிகள் வாரியத்தின் தொழில் வகுப்புக்குள் வரவில்லை. சங்கத்தின் பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்குக் கொடுத்த விலை முழுவதும் சங்கம் இல்லாதவன் தலையில் விழுந்தது. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். சட்டை தைப்பவளும் தொப்பி செய்பவளும் வீட்டிலோ, பட்டறை மூலையிலோ துண்டுக் கூலிக்கு வேலை செய்தார்கள். முறையான அப்ரண்டிஸ் இடம் கிடைத்தவர்கள் சொற்பம். 1904-இல்தான் பரோ பாலிடெக்னிக்கில் பெண்களுக்கான முதல் பகல்நேரத் தொழிற்பள்ளி வந்தது. ஆண்கள் அணியும் வெயிஸ்ட்கோட் தைப்பதில் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பை முடித்த சிறுமிகளை இரண்டு வருஷம் வைத்து, தையலோடு பொதுப் பாடமும் சொல்லிக்கொடுத்தார்கள். பட்டறையில் வேலை பார்த்த கைதேர்ந்த பெண்களே ஆசிரியைகள். எந்தத் தொழிலில் எத்தனை பேருக்கு நிஜமாக வேலை இருக்கிறது என்று சொல்ல, அந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழுக்கள் இருந்தன. பிறகு ஷோர்டிச், பாடிங்டன், பாரெட் தெரு என்று பள்ளிகள் பெருகின. லண்டன் ஃபேஷன் கல்லூரி இந்தத் தையல் பள்ளிகளின் வழியில் வந்ததுதான். தொழிலில் இல்லாதவரைத் தொடக்கத்திலிருந்து தயாராக்கினால் கூலி சரிந்துவிடும் என்று சொல்லிவந்தவர்களுக்கு, இந்தச் சிறுமிகள் பதிலாக நின்றார்கள்.

அதே 1904-இல் வாரியம் முடிவுக்கு வந்தது. முந்தைய வருஷம் வந்த லண்டன் கல்விச் சட்டம் பள்ளிக் கல்வியின் பொறுப்பைக் கவுண்டி மன்றத்தின் கையில் கொடுத்தது. தொழிற்கல்வி அதற்குள் ஒரு பகுதியாகிவிட்டது. கார்னெட் ஆலோசகராகத் தொடர்ந்தார். லூவெலின் ஸ்மித் அதற்குள் அரசின் வர்த்தக வாரியத்துக்குப் போயிருந்தார், பின்னர் அதன் நிரந்தரச் செயலாளராகவும் ஆனார். வேலையில்லாதவனையும் வேலையையும் சந்திக்கவைக்கும் அலுவலகங்கள் நாடு முழுக்க வேண்டும் என்ற 1909-ஆம் வருஷச் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. 1910 பிப்ரவரி 1 அன்று அந்த அலுவலகங்கள் திறந்தன. துறைமுக வாசலில் நின்ற ஆளுக்கு இருபது வருஷம் கழித்து அவர் செய்தது இது.

நம் நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகம் 1945-இல், போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கியது. கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-இல் வந்தது; அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல். நான் வேலை பார்த்த நிலையங்கள் அந்தத் திட்டத்தின் பிள்ளைகள். எங்களிடம் பள்ளிப் படிப்பை முடித்த எந்தப் பையனும் வரலாம். ஏற்கெனவே தொழிலில் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. லண்டன் செய்யாத நல்ல காரியம் இது. விவசாயக் கூலி வீட்டுப் பையன் வெர்னியர் காலிபரில் அளவு பார்க்கக் கற்றுக்கொண்டு ரயில்வேக்கும் பெரிய ஆலைக்கும் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளில் ஓடு மாறியது, தங்கைகள் கல்லூரிக்குப் போனார்கள்.

ஆனால் லண்டன் செய்த நல்ல காரியத்தை நாம் செய்யவில்லை. நிலைய மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. நான் பார்த்த குழுக்களில் தொழில் நிறுவனத்தார் தலைமையில் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள். லேத் ஓட்டிச் சம்பாதிக்கும் ஆள் யாரும் இருந்ததில்லை. சங்கத்திலிருந்தும் யாரையும் கூப்பிட்டதில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒருமுறை வந்து இறங்கிய இயந்திரம், சுற்றுவட்டாரப் பட்டறைகள் தூக்கிப் போட்ட மாதிரியைச் சேர்ந்தது. பட்டறைக்காரர் ஒருவர் குழுவில் இருந்திருந்தால், கோப்பு கையெழுத்தாகும் முன்பே அதைச் சொல்லியிருப்பார். உள்ளாட்சி மன்றத்திலிருந்தும் யாரும் வந்து, ஊரில் எந்த வேலைக்கு ஆள் இல்லை, எந்த வேலைக்கு ஆள் அதிகம் என்று எங்களிடம் கேட்டதில்லை. வெல்டிங் படித்தவர்கள் வேலை தேடிக்கொண்டிருந்த வருஷத்தில், ஏ.சி. மெக்கானிக் கிடைக்காமல் கடைக்காரர்கள் அல்லாடினார்கள். இரண்டும் ஒரே தெருவில் நடந்தது.

இன்று மாநகராட்சிக் கூட்டங்களிலும் நகர்மன்றக் கூட்டங்களிலும் திறன் பயிற்சி என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. தையல், கணினி, செல்போன் பழுதுநீக்கம் என்று தீர்மானம் போடுகிறார்கள். உறுப்பினர்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். பணம் எவ்வளவு என்று விவாதிக்கும் முன், குழுவில் யார் யார் என்று கேளுங்கள். அந்தத் தொழிலைக் கையால் செய்யும் ஒருவரும், அந்தத் தொழிலின் சங்கத்திலிருந்து ஒருவரும், வேலை கிடைக்காமல் இருக்கும் வீட்டிலிருந்து ஒரு பெண்ணும் அதில் இருக்கட்டும். அவர்களுக்கு ஓட்டும் இருக்கட்டும். சொல்லிக்கொடுக்க வருபவர் அந்த வேலையில் சம்பாதித்தவரா என்று பாருங்கள். இந்தப் பெயர்கள் இல்லாத தீர்மானம் உங்கள் மேசைக்கு வந்தால், அதைத் திருப்பி அனுப்புங்கள்.